ஐடிலிங் நிற்காத வண்டி

சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் பக்கம் எந்த மெக்கானிக் கடையில் போய் நின்றாலும் ஐப்பசி, கார்த்திகையில் அதிகம் காதில் விழும் புகார் இதுதான்: “அண்ணே, வண்டி ஐடிலிங் நிக்க மாட்டேங்குது. ஆக்சிலேட்டர விட்டா ஆஃப் ஆயிடுது.” மெக்கானிக்குக்குக் கை நிறைய வேலை இருந்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள ஐடிலிங் ஸ்க்ரூவை முக்கால் திருப்பு உள்ளே திருகுவார். எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஆஃப் ஆகாது, வந்தவரும் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார்.

கிளம்பியவர் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுபவராக இருந்தால் சிக்கல் சிதம்பரம் கீழவீதியில் தெரியும். எக்ஸ்எல்லில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சின் சுழற்சி ஒரு அளவைத் தாண்டினால் தானே பிடித்துக்கொள்ளும் மையவிலக்கு கிளட்ச்தான் அதில் இருக்கிறது. ஐடிலிங்கை ஏற்றி வைத்தால் பிரேக்கை விட்ட நொடியில் வண்டி தானாக முன்னே நகரும். பின்னால் ஒரு மூட்டை நெல்லும் முன்னால் இரண்டு பால் கேனும் இருக்கும்போது இப்படி நகர்வது விளையாட்டல்ல. கிளட்சின் உராய்வுப் பட்டையும் நாள் முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். வண்டி ஆஃப் ஆகாமல் செய்தாயிற்று, உண்மைதான். ஆனால் எதனால் ஆஃப் ஆனதோ அது அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பேச்சு எந்த வண்டிகளுக்குப் பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதி வந்தது. அதன்பின் வந்த இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலை மின்னணு முறையில் பீச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். அதற்கு முன் விற்றவை ஏறக்குறைய எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 தொடங்கி, 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்த எக்ஸ்எல் 100-இன் முதல் தலைமுறை, ஸ்ப்ளெண்டர், பழைய புல்லட் என்று கிராமத்துத் தெருவில் நிற்கும் கூட்டம் பெரியது. வயல் வேலைக்கு இரண்டாவது வண்டியாக வீட்டில் ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் இந்தத் தலைமுறை வண்டிதான்.

கார்புரேட்டர் ஒரு தொண்டை. நடுவில் குறுகலான உலோகக் குழாய் வழியே காற்று வேகமாகப் போகும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறையும். 1738-இல் பெர்னூலி எழுதி வைத்ததும் 1797-இல் இத்தாலியின் வெஞ்சுரி சோதித்துக் காட்டியதும் இதைத்தான். அந்தக் குறை அழுத்தத்தில் ஒரு சிறு குழாயை நீட்டி வைத்தால், கீழே புளோட் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தானாக மேலேறித் தூவலாக வெளியே வரும். 1893-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், அதே ஆண்டில் புடாபெஸ்டில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் தனித்தனியே இந்தத் தூவல் வழியைப் பிடித்தார்கள். நம் வண்டியில் மெயின் ஜெட் செய்வதும் இதே வேலைதான்.

வேகமாகப் போகும்போது இது அருமையாக வேலை செய்கிறது. கோளாறு நிற்கும்போதுதான். தொண்டையில் உண்டாகும் அழுத்தக் குறைவு காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். காற்றோட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் உறிஞ்சும் விசை நூறில் ஒன்றாகிவிடும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்ட நிலையில், தொண்டையை மூடித் திறக்கும் சிலைடு கிட்டத்தட்ட முழுவதும் கீழே இறங்கியிருக்கும். மெயின் ஜெட்டுக்கு மேலே காற்று ஊர்ந்துதான் போகும். வீராணம் ஏரியில் நீர்மட்டம் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் கதவை எவ்வளவு திறந்தும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராதல்லவா, அதே கதைதான் இங்கே. மெயின் ஜெட் திறந்தேதான் இருக்கிறது, பெட்ரோலை மேலே தூக்கத்தான் விசை இல்லை.

இதற்காகத்தான் தனியாக ஒரு சின்னப் பாதை. மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்றோ பைலட் ஜெட் என்றோ சொல்வது இந்தப் பாதையின் வாசலை. சிலைடு மூடியிருக்கும்போது தொண்டையில் உறிஞ்சல் இல்லை. ஆனால் சிலைடுக்கு அந்தப் பக்கம், எஞ்சினை ஒட்டிய பகுதியில், பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் பலமான உறிஞ்சல் இருக்கிறது. காற்று உள்ளே வர வழி குறுகலாக இருப்பதால் அங்கே அழுத்தம் நன்றாகவே விழும். வடிவமைத்தவர்கள் சின்னப் பாதையின் வாயை அந்த இடத்தில் திறந்து வைத்தார்கள். மெயின் ஜெட்டுக்கு எதிரியான நிலைமையையே ஸ்லோ ஜெட்டுக்குச் சாதகமாக்கிவிட்டார்கள். இந்திய வீதிகளில் ஓடும் இயந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்த சாமர்த்தியம் இது.

எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 97.2 சி.சி. எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 1,400 சுற்று ஐடிலிங்கில் நிற்கிறது. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை உறிஞ்சும். நிமிடத்துக்கு 700 முறை. அந்த நிலையில் சிலிண்டர் மூன்றில் ஒரு பங்கு நிறைவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் காற்று 0.04 கிராமுக்குள்தான். அதற்கு வேண்டிய பெட்ரோல் மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு துளி பெட்ரோலை வைத்து ஏழெட்டு முறை வெடிக்கலாம். ஒரு மணி நேரம் சும்மா நின்றாலும் செலவு 150 மில்லி லிட்டரை ஒட்டித்தான் வரும். இவ்வளவு சிறிய அளவை ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு முறை, மின்சாரம் எதுவும் இல்லாமல், பித்தளையில் துளைத்த ஒரு ஓட்டை அளந்து கொடுக்கிறது.

அந்த ஓட்டையின் அளவு? கெய்ஹின் கார்புரேட்டர்களில் ஸ்லோ ஜெட்டின் மேல் 35, 38, 40 என்று எண் பொறித்திருக்கும். 38 என்றால் 0.38 மில்லிமீட்டர் விட்டம். அந்த ஓட்டையை ஒரு மணல் துகள் முழுதாக அடைக்கும். முழுதாக அடைபட வேண்டும் என்றுகூட இல்லை. ஓரத்தில் கொஞ்சம் பிசின் படிந்தாலே போதும், மூன்று மில்லிகிராம் இரண்டரை ஆகிவிடும், ஐடிலிங் தடுமாறும்.

ஜெட்டில் ஏறிய பெட்ரோல் நேராக எஞ்சினுக்குப் போவதில்லை. வழியில் ஒரு சிறு துவாரம் வழியே கொஞ்சம் காற்று அதோடு கலந்து நுரையாக்குகிறது. நுரை எளிதில் மேலேறும், உள்ளே போய் நன்றாகச் சிதறும். இந்த நுரை வெளியேற இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று ஐடிலிங்குக்கு. இன்னொன்று சிலைடின் விளிம்புக்கு நேர் கீழே இருக்கும் பைபாஸ் துவாரம். ஐடிலிங்கில் இது சும்மா கிடக்கும். ஆக்சிலேட்டரை லேசாகத் திருகி சிலைடு ஒரு நூல் மேலேறியதும் இதன்மேலும் உறிஞ்சல் விழுந்து, கூடுதல் பெட்ரோல் வரத் தொடங்கும். மெயின் ஜெட் விழித்துக்கொள்ளும்வரை வண்டியைத் தாங்கிப் பிடிப்பது இந்தத் துவாரம்.

வண்டி ஓட்டுபவர்கள் “பிக்கப் இல்ல”, “எடுக்கும்போது திணறுது” என்று சொல்வதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. சட்டென்று ஆக்சிலேட்டரை முறுக்கினால் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் காற்றைவிட அறுநூறு மடங்குக்கு மேல் அடர்த்தியானது, அது கிளம்பத் தாமதமாகும். அதோடு சிலைடு திறந்தவுடன் எஞ்சின் பக்க உறிஞ்சலும் சரிந்துவிடுகிறது. ஆவியாக இருந்த பெட்ரோலில் ஒரு பகுதி குழாயின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அந்த அரை நொடியில் எஞ்சினுக்குக் கிடைப்பது வெறும் காற்று அதிகமான கலவை. அந்தக் குழியை நிரப்பத்தான் ஐடிலிங் கலவையை வேதியியல் சொல்லும் அளவைவிடச் சற்றுச் செழிப்பாக வைப்பது வழக்கம். கஞ்சத்தனமாக வைத்தால் நின்ற இடத்தில் வண்டி அழகாகத் துடிக்கும், கிளம்பும்போது மூச்சுத் திணறும்.

மைலேஜுக்காக ஐடிலிங் கலவையைக் கஞ்சத்தனமாக வைக்கச் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் மெதுவாகப் போகும்போதும் ஸ்லோ ஜெட் தன் பங்கைத் தந்துகொண்டுதான் இருக்கும். அங்கே கொஞ்சம் மிச்சமாகலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் திணறி, அதை ஈடுகட்டக் கூடுதலாக முறுக்கி, கியரைக் குறைத்து ஓட்டுவதில் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

இனி ஸ்க்ரூக்களுக்கு வருவோம். கார்புரேட்டரில் டியூனிங்குக்காக வெளியே தெரிபவை இரண்டு. ஒன்று சிலைடைத் தாங்கிப் பிடிக்கும் ஐடிலிங் ஸ்க்ரூ; சுழற்சியைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். மற்றொன்று கலவையை மாற்றுவது. இரண்டாவதில்தான் குழப்பம். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றை அளக்கும் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது நுரையையே அளப்பது, உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இரண்டும் நேர் எதிர். தெருவில் இரண்டையும் ஏர் ஸ்க்ரூ என்றே சொல்வதால், ஒரு வண்டியில் கற்ற பழக்கத்தை இன்னொன்றில் காட்டி எதிர்த் திசையில் போய்விடுகிறார்கள். பெயரைப் பார்க்க வேண்டாம், இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

தொடும் முன் வேறு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இணைப்பில் விரிசல் இருந்தால் கள்ளக் காற்று உள்ளே போகும். என்ன திருகினாலும் ஐடிலிங் நிலைக்காது. ஏர் ஃபில்டரில் தூசி அடைந்திருக்கலாம், அறுவடை முடிந்து சாலையில் நெல் காயும் நாட்களில் கேட்கவே வேண்டாம். வால்வு இடைவெளி குறைந்திருக்கலாம். ஆக்சிலேட்டர் கேபிள் இறுகி, ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் சுழற்சி ஏறலாம். இவற்றில் ஏதாவது ஒன்று குற்றவாளியாக இருக்கும்போது கார்புரேட்டரைத் திருகுவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது.

எல்லாம் சரி என்றால், எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஒரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் செய்த டியூனிங் சேத்தியாத்தோப்பு போய்ச் சேர்வதற்குள் பொய்யாகிவிடும். எஞ்சினை அணைத்து, கலவை ஸ்க்ரூவை உள்ளே மெதுவாகத் திருகி, முட்டியதும் நிறுத்த வேண்டும். ஊசிமுனை கொண்ட ஸ்க்ரூ அது, பலம் காட்டினால் முனையும் போகும், அது அமரும் துவாரமும் போகும். அங்கிருந்து ஒன்றரை முதல் இரண்டு திருப்பு வரை வெளியே எடுத்தால் பல வண்டிகளுக்குத் தொடக்க நிலை கிடைக்கும். எஞ்சினைக் கிளப்பி, ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு, கலவை ஸ்க்ரூவைக் கால் திருப்புக் கால் திருப்பாக இருபுறமும் நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு சில நொடி பொறுக்க வேண்டும். எஞ்சின் பதில் சொல்ல நேரமாகும். ஒரு இடத்தில் சத்தம் மிக உயர்ந்து, சீராக இருக்கும். அதுதான் இடம். இப்போது ஐடிலிங் ஸ்க்ரூவால் சுழற்சியை வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறக்கி, மறுபடி ஒருமுறை கலவையைச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கிப் பாருங்கள். தயங்கினால் செழிப்பு பக்கம் கால் திருப்பு.

எஞ்சின் தன் நிலையைத் தானே சொல்லும். முறுக்கிவிட்டு விட்டதும் சுழற்சி இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே தொங்கினால், சரிவில் இறங்கும்போது சைலன்சரில் பட் பட் என்று வெடித்தால், சூடான எஞ்சினுக்கும் சோக் தேவைப்பட்டால், பெட்ரோல் போதவில்லை. சுழற்சி தேவையைவிடக் கீழே விழுந்து மெல்ல எழுந்தால், பிளக்கில் கரி ஈரமாகப் படிந்தால், டீ குடித்துவிட்டு வந்து உதைக்கும்போது கிளம்ப மறுத்தால், பெட்ரோல் மிகை. ஸ்க்ரூவை முழுவதும் உள்ளே விட்டாலோ மூன்று திருப்புக்கு மேல் வெளியே எடுத்தாலோதான் ஐடிலிங் நிற்கிறது என்றால் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஜெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றிய ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை தெரியாவிட்டால் கேபிளில் பிரித்த எஃகுக் கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குடைவது ஊர் வழக்கம். இது கூடாது. பித்தளை எஃகைவிட மென்மையானது. 0.38 மில்லிமீட்டர் ஓட்டை குடைந்ததில் 0.42 ஆனால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பரப்பு 22 சதவீதம் கூடிவிடும். அதன்பின் அந்த வண்டி எந்த ஸ்க்ரூவுக்கும் அடங்காது. கார்புரேட்டர் கிளீனரிலோ பெட்ரோலிலோ ஊறவைத்து, கம்ப்ரசர் காற்றால் ஊதுவது போதும். ஊதியும் திறக்காத ஜெட்டுக்குப் புதியதை வாங்கிப் போடுவதே லாபம்.

ஜெட் ஏன் அடைகிறது என்பதில்தான் நம் பகுதியின் கதை சேர்கிறது. ஸ்லோ ஜெட் புளோட் கிண்ணத்தின் அடியை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் பெட்ரோலைவிட எடை அதிகம், அதுவும் அடியில்தான் தங்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை பெட்ரோலைப்போல மூன்று மடங்கு. நுண்ணிய துவாரத்தில் ஒரு துளி தண்ணீர் மாட்டினால் அது எளிதில் நகராது. வடகிழக்குப் பருவமழையில் இரவெல்லாம் நனைந்து நிற்கும் வண்டியின் டேங்க் மூடி ரப்பர் கிழிந்திருந்தால் காலையில் வண்டி ஏன் ஐடிலிங் நிற்கவில்லை என்று வேறு காரணம் தேட வேண்டாம்.

எத்தனால் கலப்பு இதோடு இன்னொரு முடிச்சைப் போட்டிருக்கிறது. 2022-இல் நாடு முழுக்க 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது. 2023-இல் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்து, 2025-க்குள் எங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. கரும்புக்கும் நெல்லுக்கும் பெயர் போன மாவட்டத்தில் இருப்பவர்கள் எத்தனாலைப் பகைத்துக்கொள்ள முடியாது. மொலாசஸிலிருந்தும் அரிசி, மக்காச்சோளத்திலிருந்தும் வருவதுதானே அது. ஆனால் அது ஈரத்தை இழுக்கும் பொருள். கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், அது நல்லதுதான். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். காற்றின் ஈரம் மட்டுமே இதைச் செய்துவிடும் என்று பயமுறுத்துவது மிகை. மழைநீர் டேங்குக்குள் புகுந்தால் நடக்கும். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் கார்புரேட்டரின் உலோகக் கலவை அரித்து வெண்பொடியாகக் கிண்ணத்தில் படிவதையும் பார்க்கலாம். அந்தப் பொடி போய்ச் சேரும் முதல் இடமும் ஸ்லோ ஜெட்தான்.

அடைப்பே இல்லாவிட்டாலும் கலவைக் கணக்கு மாறுகிறது. ஒரு கிலோ சுத்த பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை ஆக்சிஜனே என்பதால் அதற்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலப்புக்குக் கணக்கிட்டால் 13.5 வருகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சர் குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அது மோப்பம் பிடித்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு மூக்கு இல்லை. அதே ஓட்டை, அதே அளவு. ஆகவே சுத்த பெட்ரோலுக்கு அளந்து வைத்த வண்டி இன்று ஏழெட்டு சதவீதம் பட்டினியாக ஓடுகிறது. பழைய புத்தகத்தில் ஒன்றரைத் திருப்பு என்றிருந்தால் இப்போது கால் அரைத் திருப்பு செழிப்பாக வைக்க நேரலாம். புத்தகத்தைவிட எஞ்சின் சத்தத்தை நம்புங்கள்.

ஊட்டிக்குப் போனால் கதை தலைகீழ். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடல் மட்டத்தில் டியூன் செய்த சிதம்பரம் வண்டிக்கு அங்கே கலவை பத்து சதவீதத்துக்கு மேல் செழித்துவிடும். சுற்றுலா போன இடத்தில் வண்டி கரும்புகை விட்டு மந்தமாவதற்கு வண்டியைத் திட்டாதீர்கள்.

இன்னொரு இடத்திலும் இந்தச் சின்னப் பாதை பரீட்சை எழுதுகிறது. பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கும்போது சைலன்சரில் குழாயைச் செருகி அளப்பது ஐடிலிங்கில்தான். பி.எஸ்.-4-க்கு முந்தைய வண்டிகளில், 2000 மார்ச் வரை தயாரானவற்றுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை, அதன்பின் வந்தவற்றுக்கு 3.5 சதவீதம் வரை அனுமதி. அளப்பது முழுக்க முழுக்க ஸ்லோ ஜெட்டின் நடத்தையை. ஒழுங்காகக் கலவை வைத்த வண்டி இந்தச் சோதனையில் தோற்கக் காரணமே இல்லை. அதே சமயம், மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு டியூன் செய்வதை நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது ஆளைக் கொல்லும்.

தனிப்பட்ட வண்டியின் பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2020 மார்ச்சில் பதிவான கார்புரேட்டர் வண்டிக்கு 2035 வரை சட்டப்படி சாலையில் இடமுண்டு, தகுதிச் சோதனையில் தேறினால் அதற்கு மேலும் ஐந்தாண்டு புதுப்பிக்கலாம். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மட்டுமே தொழில் பழகும் இளம் மெக்கானிக்குகள் கலவை ஸ்க்ரூவைச் சத்தம் கேட்டு வைக்கும் இந்தக் கைப்பக்குவத்தை மூத்தவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது: மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை புளோட் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அடியில் தேங்கியதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து, தண்ணீர் தனியாக நிற்கிறதா என்று பாருங்கள்.